பட்டம் இல்லாமல் லிம் பூ லியாட் எப்படிப் பாலூட்டி ஆய்வாளர் ஆனார்?

மலேசியப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த கையோடு, அவரைப் போல ஆக எதைப் பழகவேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள், தம்பி. எலியைப் பழகுங்கள். அவர் தொடங்கியதும் அங்கேதான்.

1926இல் கிள்ளானில் பிறந்தவர். 1947இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். தோட்டத் தொழிலாளர்களை வாட்டிய ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் காய்ச்சல்தான் அங்கே அன்றைய பெரிய கவலை. குளோரம்ஃபெனிகால் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அதைக் குணப்படுத்தும் என்று 1948இல் நிறுவப்பட்டதும் இதே ஊரில்தான். நோயைத் தருவது எலி அல்ல, எலியின் காதுமடலில் செம்பொடி போல அப்பியிருக்கும் நுண்ணுண்ணியின் குஞ்சு. காட்டை வெட்டிவிட்ட இடத்தில் லாலாங் புல் ஏறும், எலி பெருகும், உண்ணியும் கூடும். ஆகவே எந்த இடத்தில் எந்த எலி என்று தப்பில்லாமல் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. அந்தத் திறமைதான், முதல் பட்டமே இல்லாதவரை அபர்டீன் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் படிப்புவரை கொண்டுபோனது. முனைவர் பட்டம் பிறகு வந்தது. 2013இல் மெர்டேக்கா விருது, 2020இல் காலமானார்.

இனி வேலை. மலேசிய வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதி இல்லாமல் காட்டில் பொறி வைக்கக்கூடாது. கம்பிக்கூண்டுக்கு வாழைப்பழமோ செம்பனை (எண்ணெய்ப்பனை) பழமோ போதும். சாயங்காலம் வைத்து விடியற்காலையே பாருங்கள். வெயில் ஏறினால் வெக்கையிலும் எறும்புக்கடியிலும் பிராணி செத்துவிடும். ஒரு பைக்கு ஒரே எலி. இரண்டைச் சேர்த்தால் ஒன்றின் உண்ணி மற்றதற்கு ஏறி, பதிவு வீணாகும். செத்த உடல் ஆறினாலும் உண்ணி இறங்கிவிடும். எலிச் சிறுநீரில் லெப்டோஸ்பைரா என்ற நோய்க்கிருமி இருக்கலாம், கையுறை கட்டாயம்.

தலை-உடல், வால், பின்பாதம், காது, எடை என ஐந்தையும் உடல் காயுமுன் எடுங்கள். வாலை முதுகுப்பக்கம் செங்குத்தாக மடக்கினால் அடி எங்கே என்று தெரியும். பெரும்பாலும் தப்பு நடப்பது பின்பாதத்தில்: ஒருவர் நகத்தோடு அளப்பார், இன்னொருவர் நகம் விட்டு அளப்பார், இரண்டு பட்டியலும் ஒத்துப்போகாது. எப்படி அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். பிறகு வயிற்றைப் பாருங்கள். செம்பனைத் தோட்ட எலிக்குத் தூய வெள்ளை, வயல் எலிக்கு வெள்ளிச் சாம்பல்.

இடம், தேதி எழுதிய சீட்டை மாதிரியோடு சேர்த்துக் கட்டுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பால்பாயிண்ட் மை ஆல்கஹாலில் கரைந்துவிடும், இடம் தெரியாத எலியை எந்த ஆய்வாளரும் தொடமாட்டார்.