பாலிபுரொப்பிலீன் மூலை தூக்குகிறதா? கூண்டு வாங்குமுன் பார்சல் டேப் வாங்குங்கள்

கேள்வி: அம்மாவுக்கு ஏழு நாள் மாத்திரைப் பெட்டி ஒன்றை வீட்டு 3டி பிரிண்டரில் செய்து கொடுத்தேன். பிஎல்ஏ (PLA) என்ற சாதாரண பிளாஸ்டிக்கில் செய்ததால் மூடியின் மடிப்பு இரண்டே நாளில் முறிந்தது. மடிப்புக்குப் பாலிபுரொப்பிலீன்தான் சரி என்று சொன்னார்கள், அதனால் ஆன்லைனில் அந்த இழை ஒரு ரோல் வாங்கினேன். கண்ணாடி பெட்டில் (பொருள் உருவாகும் தட்டில்) பசைக் குச்சி தடவி, 60 டிகிரி சூட்டில் அடிக்கிறேன். பத்து நிமிஷம் நன்றாக ஓடுகிறது. அப்புறம் நான்கு மூலையும் தூக்கிக்கொண்டு, மாத்திரைப் பெட்டி கழன்று நாசிலோடு (உருகிய பிளாஸ்டிக் வரும் முனையோடு) இழுபடுகிறது. விற்றவரோ, "பிரித்த ரோலைத் திரும்ப எடுக்க மாட்டோம், பிரிண்டருக்கு என்க்ளோஷர் (மூடிய கூண்டு) வாங்கிப் போடுங்கள்" என்கிறார். ரோல் கெட்டதா? கூண்டு வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ரோலில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. கூண்டுக்கும் இப்போதே பணம் போட வேண்டாம். முதலில் வாங்க வேண்டியது ஒரு ரோல் பார்சல் டேப்.

பாலிபுரொப்பிலீன் ஆறும்போது அதன் மூலக்கூறுகள் வரிசையாக நெருங்கி அடுக்கிக்கொள்ளும், அதனால் அது மற்ற பல பிளாஸ்டிக்கைவிட அதிகமாகச் சுருங்கும். பிஎல்ஏ சுமார் 0.3 சதவீதம் சுருங்கினால் இது 1 முதல் 2.5 சதவீதம் வரை சுருங்கும். மூடியைத் திறந்த நிலையில் உங்கள் பெட்டி 160 மில்லிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். பிஎல்ஏவில் அரை மில்லிமீட்டர்தான் குறையும், இதில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேலேயே குறையலாம். அடி லேயர் பெட்டில் ஒட்டி நிற்க, மேலே விழும் லேயர்கள் ஒவ்வொன்றும் உள்ளே இழுக்கும். அந்த இழுப்பு மூலையில்தான் போய்ச் சேரும்.

இதோடு இன்னொரு குணமும் உண்டு. பாலிபுரொப்பிலீன் எதிலும் லேசில் ஒட்டாது. கண்ணாடி, பசைக் குச்சி எல்லாம் அதற்கு வழுக்குத் தரைதான். ஆனால் தன் இனத்தோடு நன்றாக ஒட்டும். அட்டைப்பெட்டி ஒட்டுகிற பழுப்பு அல்லது கண்ணாடி நிற பார்சல் டேப் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீனால் ஆனதுதான். வாங்கும்போது உறையில் 'பிஓபிபி' (BOPP) என்று இருக்கிறதா என்று பாருங்கள். காகித மாஸ்கிங் டேப்பும் பிவிசி டேப்பும் இதற்கு உதவாது.

ஒட்டுவதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். கண்ணாடியில் உள்ள பழைய பசையை வெந்நீரில் கழுவி, காய்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். டேப்பைப் பட்டை பட்டையாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், இடைவெளியும் விழாமல் ஒட்டுங்கள். பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பால் தேய்த்தால் காற்றுக் குமிழ் வெளியேறிவிடும். பட்டை பெட்டின் ஓரத்தோடு நிற்காமல், முடிந்தால் கண்ணாடியின் அடியில் கொஞ்சம் மடிந்து போகட்டும். ஸ்லைசரில் (பிரிண்டருக்குக் கோப்பைத் தயாரிக்கும் மென்பொருளில்) 10 மில்லிமீட்டர் பிரிம், அதாவது அடியைச் சுற்றி மெல்லிய விளிம்பு, கொடுங்கள். முதல் லேயரை மெதுவாக ஓட்டி, அது முடியும்வரை பிரிண்டர் ஃபேனை நிறுத்திவையுங்கள். அறையின் சீலிங் ஃபேனையும்தான். பலர் மறந்துவிடுவது இதைத்தான்.

முதல் தடவை மூலை தூக்கினால் உடனே பிய்த்துப் போடாமல் குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். டேப் கண்ணாடியில் கிடக்க, பெட்டி மட்டும் எழுந்திருந்தால் முதல் லேயர் டேப்பில் சரியாக அழுந்தவில்லை என்று அர்த்தம். நாசிலை ஒரு பொடி இறக்கி, முதல் லேயருக்கு மட்டும் நாசில் சூட்டை 5 டிகிரி ஏற்றுங்கள். டேப்பும் சேர்ந்து எழுந்திருந்தால் டேப்பின் பசைதான் விட்டுக்கொடுக்கிறது. அப்போது பெட் சூட்டைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், ஏனென்றால் சூடு கூடக் கூட அந்தப் பசை இளகும். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே கோளாறுபோல இருந்தாலும் வைத்தியம் வேறு வேறு.

முடிந்ததும் பெட் நன்றாக ஆறட்டும், பிறகு டேப்போடு சேர்த்து உரித்தெடுங்கள். அடியில் டேப் ஒட்டிக்கொண்டே இருந்தால் முதல் லேயர் அளவுக்கு மீறி அழுந்தியிருக்கிறது. மடிப்புப் பகுதியை அரை மில்லிமீட்டர் தடிமனுக்குள் வைத்து, இழைகள் மடிப்புக் கோட்டைக் குறுக்கே கடக்கும்படி அமைத்தால் மூடி முறியாது. பெட்டியின் கூர் மூலைகளையும் வளைவாக்குங்கள், இழுப்பு ஒரே புள்ளியில் குவியாது.

அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக் கூண்டாக்கலாமே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம், சூடான நாசிலும் பவர் சப்ளையும் உள்ளே இருக்கின்றன. பெரிய, தட்டையான பொருள் அடிக்கும் நாள் வந்தால் தீப்பிடிக்காத துணியில் செய்த கூண்டு வாங்குங்கள், பவர் சப்ளையை அதற்கு வெளியே வையுங்கள்.

இனி விற்றவர் விஷயம். அவருடைய பக்கத்தில் "பிஎல்ஏ மாதிரியே சுலபம், கோணாது" என்று போட்டிருந்தாரா? அப்படியானால் "பிரித்த ரோல்" என்ற பேச்சு செல்லாது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்த்துவைக்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அப்படி எதுவும் போடவில்லை என்றால், மூலை தூக்குவதை மட்டும் வைத்து அவரைக் குறை சொல்ல முடியாது. வெர்னியரில் இழையின் தடிமனைப் பத்து இடத்தில் அளந்து, 1.75 மில்லிமீட்டரிலிருந்து 0.05-க்கு மேல் அங்கங்கே விலகினால் அது வேறு கதை. அளவைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: நைலானும் இப்படித்தான் தூக்குகிறது. கார்பன் ஃபைபர் கலந்த நைலான் சாதா நைலானைவிட விலை அதிகம். கொடுக்கலாமா?

பதில்: கோணாமல் இருப்பதற்காக என்றால் கொடுக்கலாம். உள்ளே இருக்கும் குட்டைக் குட்டை நார்கள் சுருங்கவிடாமல் பிடித்துவைக்கும். ஆனால் ரோலின் விலையோடு செலவு நிற்காது. அந்த நார் பித்தளை நாசிலை அரம்போல அராவிவிடும், கடினப்படுத்திய எஃகு நாசில் வேண்டும். நைலானுக்கு நாசில் சூடு பெரும்பாலும் 250 டிகிரிக்கு மேல் போகும். உங்கள் பிரிண்டரில் டெஃப்லான் குழாய் நாசில்வரை இறங்கியிருந்தால் அந்தச் சூட்டில் குழாய் கெட்டு நச்சுப் புகை விடும். முழு உலோக ஹாட்எண்ட் (இழையை உருக்கும் பகுதி) மாற்றியாக வேண்டும். ரோலை 70, 80 டிகிரியில் எட்டு மணி நேரமாவது உலர்த்தவும் ஏற்பாடு வேண்டும். கடலோர ஊரில் ஒரே இரவு வெளியே வைத்தாலும் ஈரம் குடித்துவிடும், அடிக்கும்போது நாசிலில் படபடவென்று பொரியும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பொருள் உண்மையிலேயே நைலானில்தான் வேண்டுமா என்று முடிவெடுங்கள். மடங்கும் மூடிக்கு இது கூடாது, நார் கலந்ததால் விறைத்து ஒடியும்.