கற்பித்தல் பயிற்சியில் கூடப் படிப்பவர் நம் பாடத்தைப் பார்த்துக் குறை சொல்வது உதவுமா?

உதவும். ஆனால் குறை சொல்ல விடாதீர்கள், எண்ணிக் குறிக்கச் சொல்லுங்கள்.

கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் முடித்து, மூன்றாம் வருடம் பாடசாலையில் படிப்பித்துப் பழகும் கட்டுறுப் பயிற்சிக்கு எனக்கும் சிநேகிதிக்கும் கிண்ணியாப் பக்கம் ஒரே பாடசாலை. முதல் மாதம் ஒருவர் பாடத்தை ஒருவர் பார்த்துவிட்டு "நல்லா இருந்திச்சு" என்று சொல்லிக்கொண்டோம். மனம் குளிர்ந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் ஒருநாள் தரம் 7இல் பின்னக் கூட்டல். அவள் கடைசி வாங்கில் இருந்து கொப்பியில் ஏதோ கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தாள். திருகோணமலைக்கு பஸ் ஏறி, கிண்ணியாப் பாலம் தாண்டும்போதுதான் தாளை நீட்டினாள். (இதையெல்லாம் ஆசிரியர் அறையில் கதைக்காதீர்கள். எல்லாக் காதும் அங்கேதான் இருக்கும்.) வாங்கு வரிசைகளைப் படமாகக் கீறி, நான் கேள்வி கேட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடு போட்டிருந்தாள். யன்னல் பக்கம் நிறையக் கோடு. கதவுப் பக்கம் ஒன்றே ஒன்று. கீழே: "விளங்கிச்சா? 14 தடவை." 40 நிமிடப் பாடத்தில்! ஒவ்வொரு தடவையும் வகுப்பே "ஓம் டீச்சர்" என்றது. அதே நேரம் கதவோரப் பையன் அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருக்கிறான்.

எனக்குச் சரியான கோபம். பஸ் நிலையம் வரை வாயே திறக்கவில்லை. "நீ வடிவாகப் படிப்பிக்கவில்லை" என்றிருந்தால் ஆயிரம் காரணம் சொல்லியிருப்பேன். கோட்டோடு என்ன சண்டை போடுவது?

அடுத்த கிழமை நானே கேட்டேன்: கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் பொறுக்கிறேன் என்று மட்டும் பார். ஆசிரியர்கள் ஒரு செக்கனளவே பொறுக்கிறார்கள், மூன்று செக்கன் பொறுத்தால் பிள்ளைகள் நீளமாகப் பதில் சொல்கிறார்கள் என்று 1970களிலேயே மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டியிருந்தார். சோதனையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருந்தேன். அவள் கைக்கடிகாரத்தில் நான் இரண்டைத் தாண்டவில்லை.

பாடத்துக்கு முன்னமே எதைப் பார்க்க வேண்டும் என்று நீங்களே ஒன்றைச் சொல்லிவிடுங்கள். புள்ளி போடுவது விரிவுரையாளர் வேலை, அதை நண்பரிடம் கொடுக்காதீர்கள்.

அந்தப் பையனிடம் மறுபடி போனேன். அவன் எழுதிய ஐந்தில் இரண்டு அரையை விடக் குறைவுதானே. "அரைப் பாணோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா அரையை விடக் குறையுமா?" யோசனை அவளுடையது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டு நின்றேன். நாலில் "கூடும் டீச்சர்" என்றவன், அழிறப்பரைத் தேடத் தொடங்கினான்.