காப்பாற்றிய ஆட்டோவே இடித்த வண்டி ஆகிவிடும், கவனம்!

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறேன். போன மாதம் ஒரு ராத்திரி, எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரி ஒன்று பைக்கில் வந்த பையனை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவனை என் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இப்போது ஸ்டேஷனிலிருந்து 'ஒரு நடை வந்துட்டுப் போங்க' என்கிறார்கள். இதற்கிடையே ஒருவர் வீட்டுக்கே வந்து, பையனின் குடும்பத்துக்கு நஷ்டஈடு வாங்கித் தரப்போவதாகச் சொல்லி, என் ஆர்.சி., இன்சூரன்ஸ் ஜெராக்ஸ் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: ஸ்டேஷன் விஷயம் சுலபம். அடிபட்டவரை எந்தப் பலனும் எதிர்பார்க்காமல் தூக்கிக்கொண்டு போனவரைச் சாட்சி சொல்லும்படி போலீஸ் வற்புறுத்தக் கூடாது. பெயர், விலாசம் சொல்வதுகூட உங்கள் இஷ்டம். 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாகவே வந்துவிட்டது. நீங்களாகச் சாட்சி சொல்ல முன்வந்தால், உங்கள் வீட்டிலோ ஸ்டாண்டிலோ வைத்து, ஒரே தடவையில் விசாரித்து முடிக்க வேண்டும். இந்த உரிமைகளைத் தமிழிலும் எழுதி ஆஸ்பத்திரி வாசலில் மாட்ட வேண்டும் என்று 2020 விதி சொல்கிறது. பார்க்கிங் கட்டணப் பலகை பளிச்சென்று தெரிகிற வாசல்களில் இதைத் தேடித் தேடி எனக்குக் கண் வலித்ததுதான் மிச்சம்.

என் கவலையெல்லாம் அந்த ஜெராக்ஸ் கேட்கிற ஆளைப் பற்றித்தான். இடித்த வண்டி தெரியாமல் போனால், அரசுத் திட்டத்தில் கிடைப்பது உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், அவ்வளவுதான். இன்சூரன்ஸ் உள்ள ஒரு வண்டி இடித்தது என்று கேஸ் போட்டால் தொகை பல மடங்கு; புரோக்கருக்குப் பங்கும் பல மடங்கு. அதனால் கேஸுக்கு ஒரு 'வண்டி வைக்க' வேண்டும். சம்பவ இடத்தில் இருந்த, ஆஸ்பத்திரி வரை வந்த, இன்சூரன்ஸ் உள்ள வண்டி எது? உங்களுடையதுதான். 'உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை, கம்பெனிதான் கட்டும்' என்பான். கிரிமினல் கேஸ் உங்கள் பெயரில் வரும் என்பதை மட்டும் சொல்ல மாட்டான்.

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். மேலே சொன்ன பாதுகாப்பெல்லாம் வேடிக்கை பார்க்காமல் உதவிய மூன்றாம் ஆளுக்குத்தான். விபத்தில் சம்பந்தப்பட்ட வண்டியின் டிரைவருக்கு அது கிடையாது. அடிபட்டவருக்கு வைத்தியம் கிடைக்க வழி செய்வது அவருக்குச் சட்டப்படி கடமை. செய்தால் பாராட்டில்லை, செய்யாவிட்டால் தண்டனை. ஆக, உங்கள் ஆட்டோ உரசியது என்று கேஸில் ஒரு வரி ஏறிவிட்டால் நீங்கள் காப்பாற்றியவர் இல்லை, குற்றம் சாட்டப்பட்டவர். லாரி நம்பரைப் பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே சொல்லுங்கள். யாரோ சீட்டில் எழுதிக் கொடுக்கும் நம்பரையும் சொல்லாதீர்கள், அது பொய்ச் சாட்சி.

ஸ்டேஷனுக்குப் போகலாமா என்றால், நான் போகச் சொல்வேன். கட்டாயத்துக்காக இல்லை. 'கண்டெய்னர் லாரி இடித்தது, நான் ஏற்றிப் போனேன்' என்று உங்கள் வாயால் முதலில் பதிவாகட்டும், புரோக்கர் கதை அப்புறம் எடுபடாது. வெற்றுத்தாளில் கையெழுத்து மட்டும் வேண்டாம்.

பையனின் வீட்டாருக்கு உதவ நினைத்தால், இடித்த வண்டி தெரியாத விபத்துக்கான மனுவைத் தாலுகா அளவில் வருவாய்த் துறை அதிகாரியிடம் கொடுக்கலாம், இடையில் ஆள் தேவையில்லை என்று நேரில் சொல்லுங்கள். ஜெராக்ஸை ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், எந்தத் தேதியில் யாரிடம் கொடுத்தீர்கள் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் வா என்பார்கள், வாங்காமல் நகராதீர்கள்.