எண்ணெய் தடவும்போது அழுகை வந்தால்?

வாசகர் கேள்விகளுக்கு, குழித்துறையில் நாற்பது வருஷமாகப் பெண்களுக்கு எண்ணெய் தடவி வரும் அக்கா பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, எனக்கு வயது 52. களியக்காவிளை பக்கம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், முந்திரிக்கொட்டையின் தோடு உடைக்கிறேன். வீட்டுக்காரர் போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. தோள் வலிக்காகக் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் இடத்தில் உழிச்சலுக்கு, அதாவது எண்ணெய் தடவி நீவிவிடுவதற்கு, போனேன். நடுமுதுகில் கை பட்டதுமே அழுகை பொங்கிவிட்டது. வலியே இல்லை, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. தடவிய பெண், "சக்கரம் அடைபட்டிருக்கு, 21 தடவை வந்தால் திறக்கும்" என்றார். வெட்கமாகவும் பயமாகவும் இருக்கிறது. இது நோயா, தெய்வ காரியமா? மறுபடி போகலாமா?

பதில்: தங்கச்சி, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என் பாயில் படுத்து அழுதவர்கள் எத்தனையோ பேர்.

முதல்முதலாக அதைப் பார்த்தபோது எனக்கு 19 வயது. அப்பா வர்ம ஆசான், உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளான வர்மங்களைத் தொட்டு வைத்தியம் செய்கிறவர். பெண்கள் வந்தால் அவர் தொடமாட்டார், என்னைத்தான் உள்ளே அனுப்புவார். மகனைக் கடலுக்குப் பறிகொடுத்த ஒரு பாட்டி கால் பிசகிவிட்டது என்று வந்திருந்தாள். கணுக்காலிலிருந்து பெருவிரல் வரை நீவிக்கொண்டிருக்கும்போதே குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டாள். நான் பதறிக் கையை எடுத்துவிட்டேன். வெளித்திண்ணையிலிருந்து அப்பா குரல் வந்தது: "கையை எடுக்காதே மக்களே. அசைக்காம வெச்சிரு." வைத்திருந்தேன். என் உள்ளங்கைக்கு அடியில் அந்தக் கால் முதலில் நடுங்கியது, பிறகு கனத்தது, பிறகு சூடேறியது. மூச்சு தானாக நீண்டது. பாட்டி எழுந்து உட்கார்ந்து, சுக்குக் காப்பி இருக்கா என்று கேட்டாள். இன்றைக்கும் யாராவது அழுதால் நான் செய்வது அதைத்தான்.

இந்த ஒன்றரை வருஷத்தில் உன்னை யார் தொட்டார்கள், யோசித்துப் பார். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் கட்டிப்பிடித்து அழ ஆள் இருந்திருக்கும். அதற்குப் பிறகு பஸ் நெரிசலில் இடித்தவர்கள்தான். துக்கத்தை அடக்குகிறவர்கள் தோளைத் தூக்கி, பல்லைக் கடித்து, மூச்சை மேலேயே பிடித்து வைத்திருப்பார்கள். நீ நாள் முழுக்கக் குனிந்து தோடு உடைப்பதும் அதே தோளை வைத்துத்தான். பரிவோடு ஒரு கை பட்டதும் அந்தப் பிடி விட்டிருக்கிறது. உள்ளே கிடந்த அழுகையும் கூடவே வந்துவிட்டது.

தொடுகைக்கென்றே தனி நரம்புகள் உண்டு. மெதுவாக வருடினால் மட்டும் நன்றாக விழித்துக்கொள்ளும் மெல்லிய நரம்பிழைகள் மனிதத் தோலில் இருப்பதை 1990களில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். கை, முதுகு மாதிரி ரோமமுள்ள இடங்களில்தான் அவை அதிகம். விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடும்போது அவை நன்றாக வேலை செய்யும். அப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு வர இரண்டு மூச்சு நேரம் ஆகணும் என்பார். விநாடிக் கணக்கு போட்டால் ரெண்டும் ஒன்றுதான்.

ஆயுர்வேதத்தில் எண்ணெய், நெய்க்கு ஸ்நேகம் என்று பெயர். அந்தப் பக்கத்து மலையாளத்தில் அன்புக்கும் ஸ்நேகம்தான். எல்லையில் வாழ்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

21 தடவை என்று எண்ணிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா எனக்கு 108 வர்மம் சொல்லிக்கொடுத்தார், படுவர்மம் 12, தொடுவர்மம் 96. அதில் எந்த இடத்திலும் துக்கத்துக்குப் பூட்டு போட்டிருக்கிறது என்று அவர் சொன்னதில்லை. தெய்வ காரியமா என்று கேட்டாய். நான் விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகுதான் எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடுவேன். அழுது ஓய்ந்தவள் முகத்தில் வரும் அமைதியைப் பார்க்கும்போது சாமி சந்நிதியில் நிற்கிற மாதிரிதான் இருக்கும். அதைத் தவணை போட்டு விற்பது பாவம்.

மறுபடி போ, ஆனால் வேறு ஆளிடம். படுக்கும் முன்பே சொல்லிவிடு: "எனக்கு அழுகை வரலாம். கையை எடுக்காதீங்க, ஒண்ணும் கேட்காதீங்க." வலி தோளிலிருந்து கைக்கு இறங்கினாலோ விரல் மரத்தாலோ முதலில் கோட்டாறு அரசு ஆயுர்வேதக் கல்லூரி மருத்துவமனையிலோ எலும்பு டாக்டரிடமோ காட்டு. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்றால் அது தடவலில் தீராது. மனநல டாக்டரைப் பார்க்கணும். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

வீட்டில் மகள் இருக்கிறாளா? வெள்ளிக்கிழமை இரண்டு கரண்டி நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி, உன் தலைக்கும் கைக்கும் தடவச் சொல். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு உன் விரல்நுனிகள் கறுத்து உரிந்திருக்கும், அந்தக் கைகள் எனக்குத் தெரியும். அங்கே அவள் தேய்க்க வேண்டாம். உள்ளங்கையை ஏந்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

கேள்வி: கர்க்கடகத்தில் உழிச்சல் செய்தால் உடம்புக்கும் மனசுக்கும் நல்லது என்கிறார்கள். எனக்கு ஒரு வாரமாக இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறது. நீவினால் சரியாகுமா?

பதில்: கர்க்கடகம் நம்முடைய ஆடிதான். மழைக்காலத்தில் உடம்பு தளர்ந்திருக்கும், வயல் வேலையும் குறைவு, அதனால் அந்த மாதத்தை உழிச்சலுக்கென்று ஒதுக்கிவைத்தார்கள். ஆனால் உங்கள் காலை இப்போது யாரும் நீவக்கூடாது. ஒரு கெண்டை மட்டும் வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். நீவும்போது அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. நாளைக்கு என்று தள்ளாமல் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். நடுவில் மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.