டின் இலக்கம் எடுத்தால் வரிக் கணக்கும் காட்ட வேண்டுமா?

கேள்வி: நான் அரச பாடசாலை ஆசிரியை. சம்பளம் மாதம் 85,000 ரூபா. உப்புவெளியில் உள்ள வீட்டின் மேல்மாடியை மாதம் 60,000 ரூபாவுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். நிலையான வைப்புக்கு ஆண்டு வட்டி 160,000 ரூபா. டின் இலக்கமும் எடுத்துவிட்டேன். வருமான வரி விவரத்திரட்டுக் (ஆண்டு வருமானத்தைக் காட்டும் படிவம்) கொடுக்க வேண்டுமா? பயமாக இருக்கிறது.
– வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: பயப்படாதீர்கள் ரீச்சர். டின் (TIN) என்பது வரி செலுத்துநருக்கான வெறும் அடையாள இலக்கம். அதை எடுத்ததற்காக யாரும் வரி கேட்க முடியாது. வருமானம்தான் தீர்மானிக்கும்.

2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரையான ஆண்டைக் கணக்கிட்டேன். சம்பளம் 1,020,000, வாடகை 720,000, வட்டி 160,000. மொத்தம் 1,900,000 ரூபா. தனிநபர் நிவாரணம், அதாவது ஆண்டுக்கு வரியில்லாமல் விடப்படும் தொகை, 18 இலட்சம்தான் என்பதால் ஒரு இலட்சம் மிஞ்சுகிறதே என்று தோன்றும். பலர் இந்த இடத்திலேயே கணக்கை நிறுத்திவிட்டுக் கவலைப்படுகிறார்கள். வாடகையில் கால்வாசியைத் திருத்தவேலைகளுக்கென்று சட்டமே கழித்துவிடுகிறது, பற்றுச்சீட்டுத் தேவையில்லை. 180,000 கழிந்தால் 1,720,000. வரி பூச்சியம். உள்நாட்டு இறைவரித் திணைக்களம் அறிவித்தல் அனுப்பிக் கேட்டாலொழிய, விவரத்திரட்டுக் கட்டாயமில்லை.

ஆனாலும் கொடுங்கள் என்றே சொல்வேன். உங்கள் வட்டியில் வங்கி 10 வீதம், அதாவது 16,000 ரூபா, பிடித்திருக்கும். அது முற்பணம், வரியே இல்லாத உங்களுக்குத் திரும்பி வரவேண்டிய காசு. விவரத்திரட்டில் கேட்டால்தான் கிடைக்கும்.

சென்ற ஆண்டு என் அம்மாவின் வைப்பு வட்டியிலும் இப்படிப் பிடித்தார்கள். அவருக்கு அந்த வட்டியைத் தவிர வேறு வருமானமே இல்லை. மாத மருந்து வாங்குவதும் அதில்தான். மொத்த வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டது என்று வங்கிக்கு ஒரு சுயபிரகடனம் கொடுத்திருந்தால் பிடித்திருக்கவே மாட்டார்கள். நான் கவனிக்கவில்லை என்பது இன்னும் மனதை உறுத்துகிறது. வாடகைக் கழிவுக்கு முந்தைய உங்கள் மொத்த வருமானம் 19 இலட்சம், அது எல்லையைத் தாண்டுவதால் அந்த வழி உங்களுக்கு இல்லை.

வாடகையை 70,000 ஆக உயர்த்தினால், கழிவு போக 1,810,000 வரும். மேலதிகப் பத்தாயிரத்துக்கு 6 வீதப்படி வரி 600 ரூபாதான். ஆனால் அப்போது விவரத்திரட்டுக் கட்டாயம்.

இவ்வாண்டுக்கான கடைசி நாள் 2026 நவம்பர் 30. இப்போதே வங்கிக்குப் போய், பிடித்த வரிக்கான சான்றிதழை வாங்கி வாடகை உடன்படிக்கையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.