அண்ணன் மனதில் என்ன இருக்கிறது?

அன்புள்ள சார்,

கும்பகோணம் பக்கம் எங்கள் கிராமத்தில் அப்பா கட்டிய ஓட்டு வீடு இருக்கிறது. அப்பா போய் நான்கு வருடமாகிறது. "பூட்டியே கிடந்து பாழாகுது, வித்துடலாம்" என்கிறார் அண்ணன். அவருக்குத் தொழிலில் கடன் இருப்பது அண்ணி மூலம் எனக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். ஓடு சரிகிறது, கரையான் அரிக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். விஷயம் தெரிந்தபின் அவர் சொல்வது எதுவும் என் காதில் ஏறவில்லை. இப்போதெல்லாம் யார் என்ன பேசினாலும் "இவர் எதற்காக இதைச் சொல்கிறார்" என்றே மனம் ஓடுகிறது. உள்நோக்கம் தெரிந்துவிட்ட ஒருவரின் கருத்தை இனிமேலும் கேட்கத்தான் வேண்டுமா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

கேட்க வேண்டும் என்றே நினைக்கிறேன். அண்ணனுக்குக் கடன் இருக்கிறது என்பதற்காகக் கரையான் வீட்டை விட்டுவிடப் போவதில்லை. அவர் ஏன் அதைச் சொல்கிறார் என்பது ஒன்று, அவர் சொல்வது உண்மையா என்பது வேறொன்று. முதலாவது தெரிந்ததும் இரண்டாவதும் தெரிந்துவிட்டது போல நமக்குத் தோன்றிவிடுகிறது.

இந்த விஷயத்தில் எனக்கு எப்போதும் ரொனால்ட் ஃபிஷர்தான் நினைவுக்கு வருவார். இன்றைய புள்ளியியலின் அடித்தளத்தில் பெரும்பகுதி அவர் போட்டது. புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் லண்டன் மருத்துவமனை நோயாளிகளை வைத்து ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் காட்டினார்கள். 1957இலிருந்து ஃபிஷர் அதைக் கடுமையாக எதிர்த்தார். இரண்டும் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது, புகைக்கும் ஆசையையும் புற்றுநோயையும் ஒரே மரபுக்கூறு கொடுக்கலாமே என்றார். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்களின் புகைப்பழக்கம் மற்ற இரட்டையர்களைவிட அதிகம் ஒத்துப்போவதையும் எடுத்துக்காட்டினார்.

ஃபிஷர் பைப் புகைப்பவர். புகையிலை உற்பத்தியாளர்களின் குழுவுக்கு ஆலோசகராகவும் இருந்தார். அப்படியானால் பணத்துக்காகத்தான் பேசினாரா? நான் அப்படி நம்பவில்லை. அவர் நாற்பது வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்த எச்சரிக்கையைத்தான். தன் ஆசை தன் வாதத்துக்குள் நுழைந்தது அவருக்கே தெரிந்திருக்காது என்பது என் எண்ணம். உள்நோக்கம் என்றாலே மனதில் ஒன்றை ஒளித்துவைத்துக்கொண்டு வெளியே வேறு பேசுவது என்று எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலான நேரம் அது சொல்பவருக்கே ஒளிந்திருக்கிறது.

ஃபிஷரின் பைப்பைச் சுட்டிக்காட்டி யாரும் அவரை வெல்லவில்லை. 1959இல் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் சக ஆய்வாளர்களும் அந்த வாதத்தையே எடுத்து அளந்து பார்த்தார்கள். புகைப்பவர்களுக்கு இந்த நோய் ஒன்பது மடங்கு அதிகம் என்றால், ஃபிஷர் சொல்லும் மரபுக்கூறும் புகைக்காதவர்களைவிடப் புகைப்பவர்களிடம் குறைந்தது ஒன்பது மடங்கு அதிகமாக இருந்தாக வேண்டும். அப்படி ஒன்றை யாராலும் காட்ட முடியவில்லை.

டாலும் புகைத்தவர்தான். ஆய்வைத் தொடங்கும்போது சாலைத் தாரும் மோட்டார் வண்டிகளும்தான் காரணமாக இருக்கும் என்று எண்ணியிருந்தார். எண்கள் வரத் தொடங்கியதும் சிகரெட்டை விட்டுவிட்டார். ஃபிஷருக்கும் அவருக்கும் ஒரே ஆசைதான்.

சரி, இனி என் வீட்டுக் கதை. அப்பா இறந்த பிறகு அம்மா ஊரில் தனியாக இருந்தாள். வயதானவர்களை இடம் மாற்றக் கூடாது, பழகின தெரு, கோயில், அக்கம்பக்கம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது என்று தங்கையிடம் விடாமல் பேசினேன். சொன்னது எல்லாமே உண்மை. "சரிண்ணா, ஊர்லயே இருக்கட்டும். துணைக்கு ஒரு ஆள் வெச்சிடலாம். மாசத்துல நாலு நாள் நீ போய் இருந்துட்டு வா" என்றாள் அவள். எனக்குக் கோபம் வந்தது. நான் கேட்டதைத்தான் அவள் கொடுத்தாள், பிறகு ஏன் கோபம்? அன்று இரவு முழுக்க யோசித்தேன். இரண்டு அறை வீடு, மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, என் எழுத்து மேஜை. அம்மாவுக்காகப் பேசுகிறேன் என்று மனதார நம்பிக்கொண்டே எனக்காகப் பேசியிருக்கிறேன். இப்போதும் அதை நினைத்தால் வலிக்கிறது.

அதிலிருந்து எனக்கு ஒரு வழி கிடைத்தது. ஒருவர் சொல்லும் காரணத்தை அப்படியே ஏற்று, அதைத் தீர்த்துவைக்கப் பாருங்கள். எதிர்ப்பு அடங்கிவிட்டால் அதுதான் உண்மைக் காரணம். அடங்காமல் உடனே இன்னொரு காரணம் முளைத்தால் விஷயம் வேறெங்கோ இருக்கிறது. உங்கள் ஊர்க் கொத்தனாரைக் கூப்பிட்டு ஓடு மாற்றவும் கரையானுக்கு மருந்தடிக்கவும் எஸ்டிமேட் வாங்குங்கள். பாதிச் செலவு என்னுடையது என்று அண்ணனிடம் சொல்லிப் பாருங்கள்.

அதற்கு முன்னால் உங்களிடமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். வீடு விற்ற பணத்தில் உங்கள் பங்கு சரியாகக் கைக்கு வரும் என்று உறுதியாகத் தெரிந்தால், அப்போதும் விற்க வேண்டாம் என்பீர்களா? நம் வீடுகளில் பங்கு என்ற சொல் லேசில் வாயில் வராது. தமிழ்நாட்டில் 1989இலேயே குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குச் சமபங்கு தரச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே மணமானவர்கள் அதில் விடுபட்டுப் போனார்கள். தகப்பன் தானே சம்பாதித்து வாங்கிய சொத்து என்றால், உயில் இல்லாத நிலையில் 1956இலிருந்தே மகளுக்கும் சமபங்கு உண்டு. ஆனாலும் பேச்சு இன்னும் "சீர்தான் செஞ்சாச்சே", "மனஸ்தாபம் வேண்டாம்மா, கையெழுத்துப் போட்டுடு" என்றுதான் போகிறது. தங்கையாகப் பிறந்தவளும் வாயைத் திறந்து பங்கு கேட்க மாட்டாள், அப்பாவின் நினைவு என்பாள். அந்த நினைவு பொய்யில்லை. அதற்கு அடியில் ஒரு பயமும் இருக்கிறது. உங்களுக்கு அப்படி ஏதும் இல்லாமலும் இருக்கலாம், எனக்குத் தெரியாது.

அண்ணன் கடனைப் பற்றிப் பேசாததற்கு, உங்களை ஏமாற்ற நினைப்பதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்றில்லை. தங்கை முன்னால் தோற்றுப்போனவனாக நிற்க யாருக்கு மனம் வரும்? அண்ணி மூலம் தெரிந்துகொண்டதை வைத்துக் கூட்டத்தில் மடக்காதீர்கள். தனியாக இருக்கும்போது கேளுங்கள், "அண்ணா, கடன் எவ்வளவு இருக்கு?" என்று. எஸ்டிமேட்டை அதற்குப் பிறகு காட்டலாம்.