கள்ளன் வந்தால் வெட்டலாமா?

தம்பி, உங்கள் தெருவில் வீடு உடைத்துக் களவெடுத்திருக்கிறார்கள், அதனால் கட்டிலுக்குக் கீழே கத்தி வைத்திருக்கலாமா, உள்ளே வந்தால் வெட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். வீட்டுக்குள் வந்தவனை என்னவும் செய்யலாம் என்று வேலையிடத்தில் ஒருவர் சொன்னாராம். அமெரிக்காவின் சில மாநிலங்களுக்கு அது ஓரளவு பொருந்தும். நாம் இருக்கும் கனடாவுக்குப் பொருந்தாது.

வன்னியில் நாய் விடாமல் குரைத்தால் அயலட்டை பொல்லோடு வந்துவிடும். பிடிபட்டவனைத் தென்னையில் கட்டி நாலு சாத்துச் சாத்திய பிறகுதான் பொலிசுக்கு ஆள் போகும். சட்டமே அப்படித்தான் என்று நினைத்து வளர்ந்தோம். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் அதற்குக் கொஞ்சம் இடமும் இருக்கிறது. கொள்ளை, இரவில் வீடு உடைத்தல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல் போன்றவற்றில் எதிராளியின் உயிர் போகும் அளவுக்கும் தற்காத்துக்கொள்ளலாம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. ஆனால் தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது, அதிகாரிகளை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை என்றும் அதே கோவை சொல்கிறது. ஊரில் அந்தப் பகுதியை யாரும் கதைப்பதில்லை.

இங்கே அப்படிப் பட்டியல் கிடையாது. குற்றவியல் கோவையில் தற்காப்புப் பற்றிய 34ஆம் பிரிவு, 2013இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, மூன்றைக் கேட்கிறது. உங்களையோ இன்னொருவரையோ தாக்குகிறார்கள் அல்லது தாக்கப்போகிறார்கள் என்று நம்ப நியாயம் இருந்ததா? காப்பதற்காகத்தான் அடித்தீர்களா? அடித்தது அந்த நிலைமைக்கு அளவானதா? மூன்றாவதில்தான் ஆட்கள் மாட்டுப்படுவது. அவன் கையில் என்ன இருந்தது, இரண்டு பேரின் வயதும் உடம்பும், வேறு வழி இருந்ததா, அந்தச் சம்பவத்தில் உங்கள் பங்கு என்ன, எல்லாம் பார்ப்பார்கள். டிவியைத் தூக்கிக்கொண்டு ஓடுபவனைத் துரத்திப்போய் முதுகில் வெட்டினால் அது தற்காப்பு இல்லை.

ஹமில்டன் பக்கம் 2016இல் நடந்தது இது. இரவு தன் பிக்கப் வண்டிக்குள் விளக்கு எரிவதைக் கண்டு, யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்த வீட்டுக்காரர், அவசர உதவி இலக்கமான 911ஐ அழைக்காமல் துவக்கோடு வெளியே போய்ச் சுட்டார். செத்தவரிடம் துவக்கு இல்லை. முதல் விசாரணையில் விடுதலை. ஆனால் வெளியே போனதையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, மேன்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டிருந்த மறுவிசாரணையை உறுதி செய்தது. 2022இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது.

உங்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பிரஜாவுரிமை இன்னும் கிடைக்கவில்லை அல்லவா? 10 ஆண்டு வரை மறியல் கொடுக்கக்கூடிய குற்றத்தில் தீர்ப்பு வந்தால், கொடுத்த தண்டனை சின்னதாக இருந்தாலும், நிரந்தர வதிவிடமே போகலாம். ஆயுதத்தால் தாக்குவது அந்த வகைதான். கத்தி குசினியில் இருக்கட்டும். தங்கச்சிக்கு மிளகு ஸ்பிரே வாங்கிக் கொடுக்கவும் நினைக்காதீர்கள், ஆட்களுக்கு அடிக்கும் ஸ்பிரே இங்கே தடைசெய்யப்பட்ட ஆயுதம்.

2025இல் லின்ட்சே என்ற ஊரில், வீட்டுக்குள் வந்தவனைக் காயப்படுத்திய வீட்டுக்காரர்மேலும் பொலிஸ் வழக்குப் போட்டதால் இந்த விவாதம் சூடானது. அத்துமீறி நுழைந்தவர்மேல் காட்டிய பலம் நியாயமானது என்றே சட்டம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார் எதிர்க்கட்சித் தலைவர் பொலியேவ்ர். நம் ஆட்களிலும் நிறையப் பேர் அதற்குக் கைதட்டுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. உள்ளே நுழைந்தவன் பற்றித்தானே என்பார்கள், ஆனால் அந்தத் துணிவு வாசற்படியோடு நிற்காது. அமெரிக்காவின் மிசூரியில் 2023இல், தம்பிமாரைக் கூட்டிவரப் போன 16 வயதுப் பையன் வீடு மாறி மணி அடித்தான். உள்ளே இருந்தவர் சுட்டார். பையன் தப்பியது அதிர்ஷ்டம். நீங்கள் இரவில் சாப்பாட்டு டெலிவரி செய்கிறீர்கள், இலக்கம் தெரியாத இருட்டு வாசல்களில் நிற்கப்போவது நீங்கள்தான்.

அதற்காக அடி வாங்கிக்கொண்டு நிற்கச் சொல்லவில்லை. பிள்ளைகளின் அறைக்குள் பொல்லோடு வருகிறான் என்றால் கையில் கிடைத்ததை எடுத்து அடியுங்கள், அவன் விழுந்தாலோ ஓடினாலோ நிறுத்துங்கள். மற்றப்படி எல்லாரும் ஓர் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு 911ஐ அழையுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் முதலில் முகவரி, பிறகு ‘தமிழ்’ என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். பொலிஸ் உங்களையே கைது செய்தால், சட்டத்தரணியோடு பேசும்வரை நடந்ததை விளக்கப் போகாதீர்கள்.